போனவர் விட்டுப்போன சாமான்: பட்டியலிலிருந்து கையெழுத்து வரை

கணவன் மனைவி பிரிந்தாலும், பதிவு எழுதாமல் சேர்ந்து வாழ்ந்த இருவர் விலகினாலும், போகிறவர் பெரும்பாலும் ஒரு பையோடுதான் போவார். மிச்சமெல்லாம் வீட்டிலேயே கிடக்கும். அலமாரியில் பாதி உடுப்பு, கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டி, ஆணியில் தொங்கும் ஜெர்சி, வாசலில் படங்கு போட்டு மூடிய மோட்டார் சைக்கிள். இலங்கை மலையகத் தோட்டத்தின் லயத்துக் காம்பராவில், அதாவது வரிசை வீட்டின் சின்ன அறையில், இதையெல்லாம் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவது லேசான காரியமில்லை. அதற்காகக் கோபத்தில் வாசலில் தூக்கிப் போட்டாலோ, பழைய இரும்பு எடுக்க வருகிறவரிடம் கொடுத்தாலோ, அதுவரை அவர் பக்கம் இருந்த பிழை உங்கள் பக்கம் வந்துவிடும்.

ஒழுங்கு இதுதான்: முதலில் பட்டியல், அடுத்து அவசரமான பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தல், பிறகு எழுத்தில் அறிவித்தல், கடைசியில் சாட்சி வைத்துக் கையளித்தல். அவசரப்படத் தேவையில்லை. ஒவ்வொரு படிக்கும் கையில் ஒரு கடதாசி இருந்தால் போதும்.

யாருடையது என்று முதலில் பிரியுங்கள்

உங்கள் வீட்டுக்குள் கிடப்பதால் ஒரு பொருள் உங்களுடையதாகிவிடாது. இரண்டு மூன்று மாதம் எட்டிப் பார்க்காததாலும் ஆகாது. அவர் அதைக் கைவிட்டார் என்று காட்ட, "எனக்கு வேண்டாம்" என்ற அவருடைய சொல்லோ எழுத்தோ வேண்டும். அதற்குள் விற்றால், எரித்தால், உடைத்தால், பொலிஸில் முறைப்பாடு கொடுக்க அவருக்கு இடம் கிடைக்கும்.

மலையகத் தமிழருக்கு இந்த விஷயத்தில் நாட்டின் பொதுச் சட்டமே பொருந்தும். தேசவழமை என்ற வழக்குச் சட்டம் வடக்கிலுள்ள தமிழருக்குரியது. கண்டியச் சட்டப்படியோ முஸ்லிம் சட்டப்படியோ கல்யாணம் எழுதியவர்கள் தனியாக விசாரித்துக்கொள்ள வேண்டும். பொதுச் சட்டத்தில், கல்யாணம் முடித்ததால் ஒருவரின் சொத்தில் மற்றவருக்குத் தானாகப் பாதி சேர்ந்துவிடுவதில்லை. மணமான பெண்ணின் சொத்து அவளுக்கே என்பதை 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டமே சொல்லிவிட்டது. ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். யார் காசு கொடுத்து வாங்கினார்? யாருக்கென்று கொடுத்தார்கள்?

பெண் வீட்டார் சீராகக் கொடுத்த அலமாரி, குத்துவிளக்கு, பித்தளைப் பாத்திரங்கள் பெண்ணுக்குரியவை. கழுத்தில் போட்ட தாலியும் கல்யாணத்தன்று பெண்ணுக்குப் போட்ட நகையும் அவளுக்குக் கொடுத்தவை. "தாலி எங்கள் வீட்டுத் தங்கம், திருப்பித் தா" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கேட்பது வழக்கம்தான். கேட்டதற்காக அன்றைக்கே கழற்றிக் கொடுத்துவிடத் தேவையில்லை. இருவரும் சம்பளத்தில் போட்டு வாங்கிய டிவி, பிரிட்ஜ் போன்றவை பொதுச் சாமான். அவற்றைப் பட்டியலில் தனியாக எழுதி, பேசித் தீர்க்கும்வரை இருந்த இடத்திலேயே வையுங்கள்.

மூன்றாவது ஆளின் சாமானும் இதற்குள் கலந்திருக்கும், அதைப் பலர் கவனிப்பதில்லை. தவணைக்கு எடுத்த பிரிட்ஜ் கடைசித் தவணை கட்டும்வரை பெரும்பாலும் கம்பெனியுடையது. ஒப்பந்தம் யார் பெயரில் என்று பார்த்து, கம்பெனிக்குச் சொல்லாமல் இடம் மாற்றாதீர்கள். தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மருந்தடிக்கும் டாங்கி, கொழுந்து வெட்டும் கத்தரி போன்றவை தோட்டம் கொடுத்தவையாக இருந்தால் அவை தோட்டத்துக்கே போக வேண்டும். கணக்கப்பிள்ளையிடமோ ஆபிஸிலோ ஒப்படைத்து, "இன்னார் பெயரில் கொடுத்தது, இன்று திரும்பக் கிடைத்தது" என்று எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் அவருடைய கணக்கு முடிக்கும்போது பிடித்துவிடுவார்கள், அந்தச் சண்டையும் உங்களிடம்தான் வரும்.

ஒரு எச்சரிக்கை. வீடு தோட்டத்துடையது, செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) பெயர் இருந்தது போனவருக்கு மட்டும், நீங்கள் தோட்டத்தில் பெயர் பதியாதவர் என்றால் உங்கள் முதல் கேள்வி சாமான் அல்ல, அந்த வீட்டில் தொடர்ந்து இருப்பது. 7 பேர்ச் காணியில் கட்டிய புதிய வீடாக இருந்தால் உறுதிப்பத்திரம் யார் பெயரில் என்று பாருங்கள். சாமானைத் தொடுவதற்கு முன்பே சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் ஆலோசனை கேளுங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி ஆகிய இடங்களில் நிலையங்கள் இருக்கின்றன. வசதி குறைந்தவர்களிடம் வக்கீல் கூலி கேட்க மாட்டார்கள்.

பட்டியல்

ஒற்றை ரூல் கொப்பி ஒன்றை எடுத்து, பக்கத்துக்கு எண் போட்டு, பேனாவால் எழுதுங்கள். பென்சில் வேண்டாம், தனித்தாள்களும் வேண்டாம். பக்கத்து வீட்டார் ஒருவரோ, இரு பக்கமும் மதிக்கிற ஒரு பெரியவரோ கூட இருக்கட்டும். உங்கள் சொந்த அக்கா தங்கையை மட்டும் சாட்சியாக வைத்தால் பிறகு அது எடுபடாது.

ஒவ்வொரு பொருளுக்கும் எண், என்ன பொருள், எந்த நிலையில், யாருடையது, போட்டோ எடுத்த திகதி ஆகியவற்றை எழுதுங்கள். "சூட்கேஸ் 1" என்று மட்டும் எழுதினால் பிரயோசனமில்லை. "14. கறுப்புச் சூட்கேஸ், பெரியது, ஒரு சில்லு உடைந்தது, பூட்டியிருக்கிறது, சாவி இல்லை, திறக்கவில்லை" என்று எழுத வேண்டும். அந்த "திறக்கவில்லை" என்ற சொல்தான் பிறகு உங்களைக் காப்பாற்றும். பூட்டிய பெட்டியை உடைக்காதீர்கள். உள்ளே உணவோ மருந்தோ இருந்து நாறினால் மட்டும், இரண்டு சாட்சிகள் முன்னால், திறப்பதிலிருந்து மூடுவதுவரை வீடியோ எடுத்துக்கொண்டு திறவுங்கள்.

டிவி, ரேடியோ, கிரைண்டர் போன்றவற்றின் பின்புறத்துத் தொடர் இலக்கத்தை எழுதுங்கள். போன் என்றால் *#06# அடித்தால் ஐஎம்இஐ இலக்கம் வரும், அதையும் எழுதுங்கள். நகையை "இரண்டு பவுண் இருக்கும்" என்று கண்மதிப்பில் எழுதாதீர்கள். டவுனில் நகைக்கடையில் நிறுத்து, கிராமில் துண்டு வாங்குங்கள். 1 பவுண் 8 கிராம். கல் வைத்த நகையில் கல்லோடு சேர்ந்த நிறை என்று குறிப்பிட வேண்டும். காசு கிடந்தால் நோட்டு வகையாக எண்ணி எழுதி, சாட்சியின் கையெழுத்தோடு உறையில் ஒட்டி வையுங்கள்.

மொய் நோட்டு என்று ஒன்று இருக்குமே, அதைப் பழைய கொப்பி என்று தள்ளிவிடாதீர்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் யார் எவ்வளவு வைத்தார்கள் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. பிரிந்த பிறகும் அந்த மொய்யைத் திருப்பி வைக்க வேண்டிய கடமை இரண்டு குடும்பத்துக்கும் உண்டு. டவுனில் முழு நோட்டையும் போட்டோப் பிரதி எடுங்கள். எந்தப் பக்கத்து உறவு அதிகமோ அவர்களுக்கு மூல நோட்டு, மற்றவருக்குப் பிரதி. கல்யாண அல்பத்துக்கும் இப்படித்தான்: ஒவ்வொரு படத்தையும் போனில் எடுத்துவிட்டுக் கொடுத்துவிடலாம். கிழித்துப் பாதியாக்கினால் இரண்டு பேருக்கும் உதவாது, பிள்ளைகள் பிறகு கேட்பார்கள்.

முடிந்ததும் கடைசி வரிக்குக் கீழே கோடு இழுத்து, நீங்களும் சாட்சியும் திகதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். அந்தத் திகதியில் பட்டியல் இப்படி இருந்தது என்பதற்கு அது அத்தாட்சி.

தாமதிக்காமல் கொடுக்க வேண்டியவை

தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம், ஊழியர் சேமலாப நிதியின் பி அட்டை, கிளினிக் கொப்பி, குடிக்கிற மருந்து. இவற்றை மற்றச் சாமானோடு சேர்த்துக் காத்திருக்க வைக்கக் கூடாது. அந்த வாரத்துக்குள்ளேயே கொடுத்துவிடுங்கள். அடையாள அட்டை இல்லாமல் அவர் வங்கியில் காசு எடுக்க முடியாது. கிளினிக் கொப்பி இல்லாமல் ஆஸ்பத்திரியில் முந்திய மருந்து என்னவென்று தெரியாமல் திண்டாடுவார். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தபாலில் அனுப்புவதானால் பதிவுத் தபால் மட்டும்.

"பிள்ளைகளுக்குக் காசு தரட்டும், பிறகு ஐடென்டிகாட்டைத் தருகிறேன்" என்று பிடித்து வைப்பது அடிக்கடி நடக்கிறது. இதனால் காசு வந்ததைவிட வழக்கு வந்ததுதான் அதிகம். தாபரிப்புக்கு, அதாவது பராமரிப்புக் காசுக்கு, வேறு வழி இருக்கிறது: 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் போடலாம். சாமானையும் தாபரிப்பையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடாதீர்கள்.

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி எழுதிய சுகாதாரப் பதிவேடும் பிள்ளை இருக்கும் வீட்டில் இருக்க வேண்டும். மற்றவருக்குப் பிரதி போதும்.

அடகுத் துண்டு கிடைத்தால் உடனே திகதியைப் பாருங்கள். தவணை தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகும். துண்டு அவர் பெயரில் இருந்தால் நீங்கள் போய் மீட்க முடியாது, ஆனால் அடகில் இருப்பது உங்கள் நகையாக இருக்கலாம். அப்படியென்றால் துண்டின் இரு பக்கத்தையும் போட்டோ எடுத்து, திகதியைக் குறிப்பிட்டு அவருக்கு எழுத்தில் தெரியப்படுத்திவிட்டுத்தான் துண்டைக் கையை விட்டு அனுப்ப வேண்டும். குழுக் கடன் புத்தகம், சீட்டுக் கொப்பி, மரண உதவிச் சங்கக் கொப்பி ஆகியவற்றில் யார் பெயர், யார் பிணை நின்றார் என்று பாருங்கள். பிணையில் உங்கள் கையெழுத்து இருந்தால் அந்தக் கொப்பியின் பிரதி உங்களுக்கும் வேண்டும்.

மழைக்கும் எலிக்கும் தப்பவைத்தல்

சாமானைத் திருப்பிக் கொடுக்கும்போது "நாசமாக்கிவிட்டாய்" என்ற சண்டை வராமலிருக்க, மலைநாட்டு ஈரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, ஊவாப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் மழை. இந்த மாதங்களில் துணியும் தோலும் தானாகக் காயாது. பலர் செய்யும் பிழை, அரைகுறையாகக் காய்ந்த உடுப்பைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டுவது. ஈரம் உள்ளேயே நின்று, சில வாரத்தில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் விழும். பருத்தித் துணியில் விழுந்த கறுப்புப் புள்ளி பிறகு போகாது.

துவைத்த உடுப்பை இரண்டு நல்ல வெயில் நாள் காயவைத்து, அந்திப் பனி இறங்குமுன் எடுத்து, வீட்டுக்குள் சூடு ஆறவிட்டு மடியுங்கள். சூட்டோடு மடித்தால் மடிப்புக்குள் வியர்க்கும். காற்றுப் போகும் சாக்கில், அல்லது கடையில் வாங்கும் அட்டைப் பெட்டியில் போட்டு, பெட்டிக்கு மூன்று நான்கு பூச்சி உருண்டையைத் துணியில் முடிந்து வையுங்கள். சட்டைப் பையெல்லாம் தடவிப் பாருங்கள்: ஒரு பிஸ்கட் துண்டு கிடந்தால் போதும், எலி சாக்கையே கடித்துக் குதறிவிடும். மா சாக்கைப் பாவிப்பதானால் நன்றாக உதறிக் கழுவிக் காயவைத்த பிறகு. உரப்பை வேண்டாம், அதில் ஒட்டிய உரம் ஈரத்தை இழுக்கும்.

சீமெந்துத் தரையில் நேராக எதையும் வைக்காதீர்கள். நான்கு செங்கல்லும் இரண்டு பலகையும் போட்டு நாலைந்து அங்குலம் உயர்த்தி, வெளிச்சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். லயத்தில் மழைபக்கச் சுவர் எப்போதும் கசியும். அடுப்புக்கு மேலேயுள்ள பரண் காய்ந்த இடம்தான், ஆனால் புகைக்கரி படியும். மண்வெட்டி, கத்தி, சாவிக்கட்டு ஆகியவற்றுக்கு அந்த இடம் சரி, துணிக்கும் படத்துக்கும் கூடாது. மெத்தையைச் சுருட்டாமல் பக்கவாட்டில் நிமிர்த்தி வையுங்கள். சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளைத் திணித்து, மாதத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள்.

டிவி, ரேடியோ எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். பருவமழைகளுக்கு இடையிலான மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் இடி மின்னல் அதிகம், அன்டெனா வயர் வழியாகவும் அடிக்கும். ரிமோட்டிலும் டோர்ச்சிலும் பற்றரியை எடுத்துவிடுங்கள், கசிந்தால் உள்ளே எல்லாம் அரித்துவிடும். போனைப் பாதிச் சார்ஜில் அணைத்து வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுங்கள். போனைத் திறந்து பார்க்கும் வேலை வேண்டாம். உள்ளிருக்கும் அந்தரங்கப் படத்தை ஒருவருக்கு அனுப்பினாலும் குற்றம் உங்களுடையது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு இது விளையாட்டில்லை.

மோட்டார் சைக்கிளைச் சும்மா கிடக்கிறதே என்று ஓட்டாதீர்கள். விபத்து நடந்தால் காப்புறுதியிலிருந்து வருமான அனுமதிப்பத்திரம்வரை எல்லாம் கேள்வியாகும். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் என்று பாருங்கள்: இங்கே பாதி வண்டிகள் பெயர் மாற்றாமல் கைமாறியவை, முதல் சொந்தக்காரரின் பெயரே இருக்கும். லீசிங்கில் இருந்தால் நிதிக் கம்பெனியின் பெயரும் இருக்கும், தவணை நின்றால் அவர்கள் வந்து தூக்கிப் போவார்கள். அதைத் தடுக்கப் போகாதீர்கள், கொண்டுபோனவரின் பெயரையும் திகதியையும் எழுதி, துண்டு வாங்குங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, பெற்றோலை மெக்கானிக்கைக் கொண்டு வடித்துவிடுங்கள். வடித்த பெற்றோலைக் காம்பராவுக்குள் வைப்பது தீக்கு வழி. படங்கைத் தரைவரை இழுத்து மூடாமல் கீழே ஒரு சாண் திறந்து விடுங்கள், காற்றுப் போனால்தான் துரு பிடிக்காது.

கேஸ் சிலிண்டர் அவருடையதென்றால் ரெகுலேட்டரைக் கழற்றி, நிமிர்த்தி வெளியே வையுங்கள். வெறும் சிலிண்டருக்கும் விலை உண்டு, பட்டியலில் சேருங்கள்.

மாடு காத்திருக்காது

அலமாரி மூன்று மாதம் சும்மா நிற்கும், மாடு நிற்காது. போனவரின் மாடு உங்கள் பட்டியில் இருந்தால் அன்றைக்கே தீனிக்குப் பதில் வேண்டும். பால் போடும் சங்கத்தில் கணக்கு யார் பெயரில் என்று பாருங்கள். காசு அவர் பெயருக்குப் போகிறது, புல்லறுப்பதும் தவிட்டுக் காசும் உங்களுடையது என்றால் இரண்டு வாரத்திலேயே மனக்கசப்பு வரும். ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் எத்தனை லீற்றர் பால், தவிடு எத்தனை கிலோ என்ன விலை, மிருக வைத்தியருக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். "பால் காசில் தீனிச் செலவைக் கழித்துக்கொள்ளலாமா" என்று அவரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இருவரில் ஒருவர் விலை பேசி எடுத்துக்கொள்வதே நல்லது. கன்று போட்டால் அது யாருக்கு என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். மாட்டை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோக அனுமதிப்பத்திரம் தேவை, இல்லாமல் ஏற்றினால் வழியில் பொலிஸ் நிறுத்தும்.

கோழியும் நாயும் பெரும்பாலும் வீட்டோடு நின்றுவிடும். பாத்தியில் நிற்கும் லீக்ஸும் கிழங்கும் நட்டவருக்கே என்று விட்டு, அறுவடைக்கு நாள் சொல்லுங்கள்.

கடிதம்

வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், கூடவே பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். தோட்டத்துக் கடிதங்கள் பல இடங்களில் ஆபிஸ் வழியாகவே வருகின்றன, மேசையிலேயே கிடந்து போவதும் உண்டு. அதனால் சாதாரணத் தபாலை நம்பாதீர்கள். தபால் துண்டைக் கொப்பியில் ஒட்டுங்கள். கடிதம் இந்த அளவில் இருந்தால் போதும்:

"நீங்கள் இந்த வீட்டில் விட்டுச் சென்ற சாமான்களின் பட்டியலை இத்துடன் அனுப்புகிறேன். எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இன்றிலிருந்து 30 நாளுக்குள் வந்து எடுத்துக்கொள்ளவும். வரும் நாளை ஒரு வாரம் முன்னதாகத் தெரியப்படுத்தவும். வர முடியாவிட்டால், உங்கள் கையெழுத்திட்ட கடிதத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் கொடுத்து வேறொருவரை அனுப்பலாம். பட்டியலில் ஏதாவது விடுபட்டிருந்தால் 14 நாளுக்குள் எழுதவும். வேண்டாத பொருள் இருந்தால் அதன் எண்ணை எழுதி 'வேண்டாம்' என்று அறிவிக்கவும்."

இதில் ஏச்சு, பழைய கதை, புதுப் பெண்ணின் பெயர், "இல்லாவிட்டால் எரித்துவிடுவேன்" என்ற மிரட்டல் எதுவும் இருக்கக் கூடாது. நாளைக்கு மத்தியஸ்தரோ நீதவானோ வாசிக்கப்போகும் கடிதம் இது.

கொழும்பில் கடையில் நிற்பவருக்கு வந்துபோகச் செலவுண்டு. சம்பளம் எடுத்த பிறகு வரக்கூடிய ஒரு திகதியைச் சொன்னால் வருவார். வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போனவர் என்றால் 30 நாள் என்பது அர்த்தமில்லை, 90 நாள் கொடுங்கள். அவர் "அம்மாகிட்ட குடுங்க" என்று குரல் பதிவு அனுப்பினால், அதை அழியாமல் சேமித்து, அதையே எழுத்திலும் அனுப்பச் சொல்லுங்கள். பிறகு அம்மாவிடம் பட்டியலைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.

கையளிக்கும் நாள்

சம்பள நாள் மாலை, தீபாவளி, கோயில் திருவிழா நாட்களைத் தவிர்க்க வேண்டும். குடித்துவிட்டு வந்து நின்றால் பட்டியல் வாசிக்க முடியாது. போயா (பௌர்ணமி) தினம் வசதி: டவுனில் வேலை செய்பவருக்கு லீவு, சாராயக்கடை பூட்டு. காலை 9 மணிக்கு ஆரம்பித்தால் பகலுக்குள் முடியும், பிற்பகல் மழைக்கும் மூடுபனிக்கும் முன்னால் லொறி இறங்கிப் போய்விடும். லொறி தோட்டத்துக்குள் வருவதை ஆபிஸில் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

சாட்சி இரண்டு பேர், உங்கள் பக்கம் ஒருவர், அவர் பக்கம் ஒருவர். தோட்டத் தலைவரோ கிராம சேவகரோ வந்தால் இன்னும் நல்லது. பிள்ளைகள் வேண்டாம். பாட்டி வீட்டுக்கோ பக்கத்து லயத்துக்கோ அனுப்பிவிடுங்கள். பிள்ளை கையில் சாமானைக் கொடுத்து அனுப்புவதும் கூடாது, வழியில் தொலைந்தால் அந்தப் பழியைப் பிள்ளை சுமக்கும்.

சாமானை முதல் நாளே எண் ஒட்டி முன் அறைக்கோ வாசலுக்கோ கொண்டு வந்துவிடுங்கள். அப்போது அவர் உள் அறைக்குப் போகத் தேவை வராது. கட்டிலைக் கழற்றினால் போல்ட்டுகளை ஒரு சின்னப் பையில் போட்டு அதே கட்டில் சட்டத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். அலமாரியைக் கதவோடு படிக்கட்டில் இறக்கினால் கீல் பிய்ந்துவிடும், கதவைக் கழற்றித் தனியாக இறக்க வேண்டும். ஈரத்தில் ஊதிய இழுப்பறையை உதைத்து இழுக்காதீர்கள், இரண்டு வெயில் நாள் பட்டால் தானாகச் சுருங்கி வரும்.

ஒருவர் எண்ணை வாசிக்க, மற்றவர் பொருளைக் காட்ட, எடுத்தவர் பக்கத்தில் குறி போட வேண்டும். கொடுக்காத பொருள் இருந்தால் ஏன் என்று எழுதுங்கள்: "22. டிவி, பொதுச் சாமான், பேசி முடியும்வரை இங்கே இருக்கிறது." எல்லாப் பக்கத்திலும் இருவரும் சாட்சிகளும் கையெழுத்தும் அடையாள அட்டை இலக்கமும். வீட்டுச் சாவி அவரிடம் இருந்தால் அதைத் திருப்பி வாங்கி, அதையும் எழுதுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் சண்டை பிடிக்காதீர்கள். "சாமானை எடுத்தார், கையெழுத்திட மறுத்தார்" என்று சாட்சிகள் எழுதிக் கையெழுத்திட்டால் போதும், லொறியில் ஏற்றிய சாமானைப் படம் எடுத்து வையுங்கள்.

அடி உதை இருந்த வீடென்றால் இந்த முறை எதுவும் உங்களுக்கில்லை. நேரில் சந்திக்கவே வேண்டாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை வாங்கியிருந்தால், அது அமுலில் இருக்கும்போது நீங்களாக அவரை வரச் சொன்னால் கட்டளையே பலவீனமாகும். சாமானைப் பற்றிப் பொலிஸ் நிலையத்தின் மகளிர் சிறுவர் பிரிவுக்குத் தெரியப்படுத்தி, அவர்கள் சொல்லும் நாளில், அவர்கள் முன்னிலையில், அவருடைய உறவினர் ஒருவரிடம் கொடுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, அவசரத்துக்கு 119.

வராமலே இருந்தால்

முதல் கடிதத்துக்கு 30 நாள் முடிந்ததும், 14 நாள் கொடுத்து இரண்டாவது கடிதம். அதற்கும் பதிலில்லை என்றால் பொலிஸில் பதிவொன்று போடுங்கள். சண்டைக்கான முறைப்பாடாக வேண்டாம், "இன்னாரின் சாமான் என் வீட்டில் இருக்கிறது, இரண்டு முறை அறிவித்தேன், எடுக்கவில்லை" என்ற தகவலாகப் போடுங்கள். பட்டியலையும் தபால் துண்டுகளையும் காட்டுங்கள். தமிழில் எழுதச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதினால், வாசித்துத் தமிழில் விளங்கப்படுத்திய பிறகே கையெழுத்துப் போடுங்கள். பதிவு இலக்கத்தையும் திகதியையும் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அடுத்த படி மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்துக்குரியது, ஆனால் அலமாரி யாருக்கு, டிவிக்கு எவ்வளவு என்ற பேச்சுக்கு இது நல்ல இடம். வக்கீல் வைத்துப் பேசுவதில்லை, நீங்களே பேச வேண்டும். அதனால் கொப்பியை ஒழுங்காகக் கொண்டு போங்கள். இணங்கினால் தீர்வை எழுத்தில் தருவார்கள். மற்றவர் வராவிட்டாலோ இணங்காவிட்டாலோ தீர்வு எட்டவில்லை என்ற சான்றிதழ் கிடைக்கும், நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் அது உதவும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆள் அசையவில்லை என்றால், சாமானை அவருடைய தாய் தகப்பன் வீட்டில் கையெழுத்து வாங்கி இறக்குவதே நல்ல முடிவு. அவர்களும் ஏற்காவிட்டால், கெட்டுப்போகிற, உடைந்த சாமானை மட்டும் முதலில் போட்டோ எடுத்து அகற்றுங்கள். பெறுமதியானதை விற்பதானால் ஒரு வக்கீலிடமோ சட்ட உதவி நிலையத்திலோ கேட்டுவிட்டு, டவுனில் இரண்டு கடையில் விலை கேட்டு, சாட்சியோடு விற்று, பற்றுச்சீட்டு வாங்குங்கள். அந்தக் காசு உங்களுடையதல்ல. லொறிக்கூலி போன்ற பற்றுச்சீட்டுள்ள செலவைத் தனியாக எழுதி, மிச்சத்தைத் தொடாமல் வங்கியில் போட்டு, தொகையை அவருக்குப் பதிவுத் தபாலில் தெரியப்படுத்துங்கள். கொப்பி, தபால் துண்டுகள், பொலிஸ் பதிவு இலக்கம், பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, அடையாள அட்டை வைக்கும் இடத்திலேயே வையுங்கள். விவாகரத்து வழக்கு நடந்தால் தீர்ப்புக்குப் பிறகும் அதை எறிந்துவிடாதீர்கள்.